ஒன்றையொன்று முடக்கும் மருந்துகள்

சனிக்கிழமை சாயங்காலம் மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் எதையும் சட்டென்று முடித்துக்கொண்டு கிளம்ப முடியாது. லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் பசார் மாலாம் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் தூடோங், ஒரு பக்கம் பஜு குரோங், நடுவில் சாத்தே புகை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஒரு ஃபார்மசிக்குள் நுழைந்தேன். வானொலியில் பேசிப் பிழைக்கிறவளுக்குத் தொண்டைதான் முதலீடு. அதற்கு மிட்டாய் வாங்கத்தான் போனேன்.

எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். கையில் இரண்டு பிளாஸ்டிக் பாக்கெட். ஒன்று மூன்று நாளுக்கு முன் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் கொடுத்தது. இருமல் நிற்கவில்லை என்று வேலையிடத்துக்கு அருகே இன்னொரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே கொடுத்தது மற்றது. இரண்டிலும் வேறு வேறு ஆன்டிபயாடிக்.

"தம்பி, ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் பவர்தானே? சீக்கிரம் ஆயிரும்ல?"

கவுன்டரில் இருந்த இளம் மருந்தாளர் சிரிக்கவில்லை. "அப்படிப் போடாதீங்க அங்கிள். சில மருந்துங்க ஒண்ணா சேந்தா ஒண்ணையொண்ணு முடக்கிப் போட்டுடும். இருங்க, கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேட்டுடறேன்" என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. உடல்நலம் பற்றிய நிகழ்ச்சி எப்போது வைத்தாலும் நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளில் இது ஒன்றாவது இருக்கும். நம் நாட்டில் ஆன்டிபயாடிக் வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தனியார் கிளினிக்குகளில் டாக்டரே மருந்தையும் கொடுத்துவிடுகிறார். இரண்டு கிளினிக்குக்குப் போனால் இரண்டு பாக்கெட் வீட்டுக்கு வரும். ஒரு டாக்டர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது, நாம் சொன்னாலொழிய.

அந்த மருந்தாளர் சொன்ன "முடக்கிப் போட்டுடும்" என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சும்மா பயமுறுத்தச் சொல்கிறாரா, உண்மையிலேயே ஒரு மருந்து இன்னொரு மருந்தைக் கெடுக்குமா? மறுநாள் தொடங்கித் தேடிப் படித்தேன். கெடுக்கும். கண்ணாடிக் குழாயில் அளந்து பார்க்கக்கூடிய அளவுக்குக் கெடுக்கும்.

மருத்துவ உலகில் இதற்குப் பேர்போன ஜோடி பெனிசிலின் வகை மருந்தும் ஜென்டாமைசினும். 1971இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மெக்லாக்லின், ரீவ்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கார்பெனிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்து, கூடவே கொடுக்கப்பட்ட ஜென்டாமைசினைச் செயலிழக்கச் செய்கிறது என்று சோதனைக்கூடத்திலும் நோயாளியிடமும் கண்டதை அதில் எடுத்துச் சொன்னார்கள்.

எப்படி? பெனிசிலினின் உயிர்நாடி ஒரு வளையம். நான்கே அணுக்கள் சேர்ந்த சின்னச் சதுரம். 1945இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே கொண்டு அந்த வடிவத்தை உறுதிசெய்தார். அணுக்களுக்கு இவ்வளவு நெருக்கமாக மடங்கி இருப்பது பிடிக்காது. மூங்கில் குச்சியை வளைத்துக் கட்டி வைத்ததுபோல அந்த வளையம் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். தொட்டால் தெறித்துத் திறக்கக் காத்திருக்கும். கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைத் தொட்டவுடன் அது திறந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். சுவர் கட்டும் வேலை நிற்கும், கிருமி வெடித்துச் சாகும். பெனிசிலின் வேலை செய்வதே இந்த இறுக்கத்தால்தான்.

சிக்கலும் இங்கேதான். ஜென்டாமைசினில் நைட்ரஜன் கொண்ட சில முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனை பெனிசிலின் வளையத்தின் பக்கத்தில் வந்தால் வளையம் கிருமிக்காகக் காத்திருக்காது. அங்கேயே திறந்து ஜென்டாமைசினோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிரிக்க முடியாது. வளையம் போனதால் பெனிசிலினுக்கு வேலை இல்லை. முனை அடைபட்டதால் ஜென்டாமைசினுக்கும் வேலை இல்லை. இரண்டு நல்ல மருந்து சேர்ந்து ஒரு உதவாத பொருள்.

இதில் அதிகம் அடிபடுவது ஜென்டாமைசின்தான். காரணம் எண்ணிக்கை. பெனிசிலின் வகைகளைக் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். ஜென்டாமைசினை மில்லிகிராம் கணக்கில். ஒரு ஜென்டாமைசினைச் சுற்றிப் பல பெனிசிலின்கள் நிற்கும். பெனிசிலினில் கொஞ்சம் வீணானால் தெரியாது. ஜென்டாமைசினில் கொஞ்சம் போனாலும் கை வைத்த இடம் காலி.

வேடிக்கை என்னவென்றால், கிருமியின் முன்னால் இந்த இரண்டும் நல்ல கூட்டாளிகள். இதய வால்வில் கிருமி பிடிக்கும் நோய் சிலவற்றில் டாக்டர்கள் வேண்டுமென்றே இந்த ஜோடியைக் கொடுப்பார்கள். பெனிசிலின் சுவரை ஓட்டையாக்கும், ஜென்டாமைசின் அந்த வழியாக உள்ளே புகுந்து வேலையை முடிக்கும். ஆகவே இந்த இரண்டையும் ஒரே நோயாளிக்குக் கொடுக்கலாம், ஒரே பையில் கலக்கத்தான் கூடாது. வார்டில் நர்ஸ் ஒரு மருந்து முடிந்ததும் குழாயை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அடுத்ததைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரேயடியா போட்டுட்டுப் போகலாமே, எத்தனை தடவை வந்து எழுப்புறாங்க" என்று சலித்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, அந்தக் கழுவுதல் எதற்கு என்று சொல்லி வைக்கலாம்.

உடம்புக்குள் போன பிறகு? சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பெரிய கவலை இல்லை. இந்த வேதிவினைக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும்; அதற்குள் சிறுநீரகம் இரண்டையும் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கதை வேறு. மருந்துகள் இரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். சந்திக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். நம் சமூகத்தில் டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேள்விப்படாத குடும்பம் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது. ஜென்டாமைசின் அளவு கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் என்பதால், இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். எடுத்த இரத்தத்தில் இரண்டு மருந்தும் இருக்கிறதல்லவா? சோதனைக்கூடத்துக்குப் போகும் வழியில், குழாய்க்குள்ளேயே அவை ஒன்றையொன்று முடக்கிக்கொண்டே போகும். சோதனை முடிவில் அளவு குறைவாக வரும். "போதவில்லை போலிருக்கிறது" என்று மருந்தைக் கூட்டினால், உண்மையில் போதுமான அளவு இருக்கும் உடம்பில் இன்னும் ஏறும். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளியின் இரத்தத்தை உடனே சோதிக்க வேண்டும், முடியாவிட்டால் உறையவைக்க வேண்டும் என்பது வழக்கம். இதே குடும்பத்தைச் சேர்ந்த அமிகாசின் என்ற மருந்து இந்தத் தாக்குதலை ஓரளவு தாக்குப்பிடிக்கும்; அதன் முனைகளில் ஒன்று ஏற்கெனவே மூடப்பட்டிருப்பதே காரணம்.

இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நிற்கும் கதை. டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கலாம். நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வருகிற கதை ஒன்று இருக்கிறது. அது காசநோய் மாத்திரை.

மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 25 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. 1961இலேயே தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு இது. மலாயில் 'திபி' என்று சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் நம்மிடம் போகவில்லை. எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் இருந்தது. என் பெரியப்பா மஸ்ஜித் இந்தியா துணிக்கடை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் சேலை விரித்துக் காட்டி, மடித்து வைத்தவர். "துணித்தூசி இருமல்தான்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். சளியைச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது. பெரியம்மா முதலில் கேட்டது, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லணுமா?" என்பதுதான்.

காசநோய்க்கு ஏன் ஒரே மாத்திரையில் நான்கு மருந்து? ஒற்றை மருந்து தோற்ற வரலாறு அதற்குப் பதில். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். சில மாதங்களில் பலர் மறுபடி படுத்தார்கள். கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த மருந்துக்கு அசையாத சில எப்போதும் இருக்கும்; மற்றவை செத்தபின் அவை பெருகிவிடும். இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் அசையாத கிருமி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே காசநோயில் சேர்த்துக் கொடுப்பதுதான் சிகிச்சை. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கூட்டுச் சிகிச்சையை உலகத்துக்கு எளிமையாக்கிக் கொடுத்ததில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கைகோத்த முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்று நடத்தினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்கவைத்தார்கள். மற்றவர்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். எல்லாருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் இருந்தவர்களோ நெரிசலான குடியிருப்புகளில், வேலைக்குப் போய்க்கொண்டு, அரைவயிற்றோடு. 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. மலையடிவாரச் சானடோரியங்கள் உலகெங்கும் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரியம்மாவின் "சொல்லணுமா?" என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலும் இந்தக் கதைதான். சிகிச்சை தொடங்கினால் வீட்டிலேயே இருக்கலாம், தட்டு டம்ளரைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது ரிஃபாம்பிசின். தெற்கு பிரான்ஸில் கடலோரப் பைன் காட்டு மண்ணில் கண்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து, 1957இல் இத்தாலியின் மிலான் நகரில் லெபெட்டி நிறுவனத்தார் தொடங்கிய தேடல் அது. அந்தக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற கொள்ளைக்கூட்டத் திரைப்படத்தின் பெயரை விளையாட்டாக வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஒன்றரை, இரண்டு ஆண்டு நீண்டுகொண்டிருந்த சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கியதில் முதல் பெருமை இந்தச் செங்கல் நிற மருந்துக்குத்தான். இன்று முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைட், எதாம்பியூட்டால் என்று நான்கு. அடுத்த நான்கு மாதம் பெரும்பாலும் முதல் இரண்டு மட்டும். உடல் எடையைப் பொறுத்து மூன்று, நான்கு அல்லது ஐந்து கூட்டு மாத்திரை. தனித்தனியாகக் கொடுத்தால் பிடித்ததை விழுங்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தித் திணித்தார்கள்.

அங்கேதான் வேதியியல் மூக்கை நுழைத்தது. ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் வயிற்று அமிலத்தில் சந்தித்தால் ஒத்துப்போவதில்லை.

நடப்பது இதுதான். அமிலம் ரிஃபாம்பிசினின் ஒரு பக்கவாட்டுத் துண்டை வெட்டி எடுக்கும். வெட்டுப்பட்ட இடம் யாரோடாவது ஒட்டத் துடிக்கும். ஐசோனியாசிடின் நுனியில் அதற்கு ஏற்ற கொக்கி இருக்கிறது. இரண்டும் கோத்துக்கொண்டு ஹைட்ரசோன் என்ற புதுப் பொருளாகும். இதில் அநியாயம் ஒன்று உண்டு. அந்தப் புதுப் பொருள் அமிலத்தில் மெல்ல உடைந்து ஐசோனியாசிடைத் திருப்பிக் கொடுத்துவிடும். ரிஃபாம்பிசின் மட்டும் பழைய உருவுக்கு வராது. விடுபட்ட ஐசோனியாசிட் அடுத்த ரிஃபாம்பிசினைத் தேடிப் போகும். கடன் வாங்கியவர் தப்பித்து, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்வதுபோல, சிகிச்சையின் முதுகெலும்பான மருந்துதான் நட்டப்படுகிறது.

அகமதாபாத் ஆய்வாளர்கள் 1999இல் இதை அளந்து வெளியிட்டார்கள். வயிற்று அமிலத்தைப் போன்ற கரைசலில் முக்கால் மணி நேரம் வைத்தால், தனியாக இருக்கும் ரிஃபாம்பிசினில் சுமார் 12 விழுக்காடு கெடுகிறது. ஐசோனியாசிட் கூட இருந்தால் அது 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மருந்து முழுக்கப் போய்விடுவதில்லைதான். ஆனால் காசநோய்க் கிருமிக்கு அரைகுறை அளவு மருந்து என்பது அடி அல்ல, பயிற்சி. அதற்கு முன்பே, 1994இல், உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகக் காசநோய் எதிர்ப்புச் சங்கமும் கூட்டறிக்கை விட்டிருந்தன: கூட்டு மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் இரத்தத்தில் போதிய அளவு சேர்கிறது என்று மனிதர்களிடம் சோதித்து நிரூபித்த மாத்திரைகளையே வாங்குங்கள் என்று. தரமான தயாரிப்புகள் அந்தச் சோதனையைத் தாண்டி வந்தவை. நோயாளிகள் குணமாவதும் அதனால்தான்.

இதைப் படித்த பிறகு கிளினிக்கில் கொடுக்கும் கட்டளைகள் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன. காசநோய் மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். வெறும் வயிறு மாத்திரையைச் சீக்கிரம் குடலுக்கு அனுப்பிவிடும். நாசி லெமாக்கையும் ரொட்டி சானாயையும் உள்ளே தள்ளிவிட்டு மாத்திரை போட்டால், அந்தக் கொழுப்பைச் செரித்து முடிக்கும் வரை வயிறு எதையும் கீழே விடாது. அமிலத்தில் ஊறும் நேரம் கூடும், ஏறும் மருந்து குறையும். "காலி வயித்துல போட்டா குமட்டுது" என்பவர்கள் தாங்களாக நேரத்தை மாற்றாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதற்கு வழி சொல்வார்கள். குமட்டலுக்கு வாயு மருந்தைக் கூடக் குடித்துக்கொள்வது உதவாது. அலுமினியம் கலந்த வயிற்றுப்புண் மருந்துகள் ஐசோனியாசிட் ஏறுவதைக் குறைக்கும்.

அடுத்தது ஈரம். இது மலேசியாவில் வாழ்கிறவர்களுக்காகவே கண்டுபிடித்துச் சொன்னதுபோல இருக்கிறது. பஞ்சாபின் மொகாலியில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் நான்கு மருந்து மாத்திரையை வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்துப் பார்த்தார்கள். எதாம்பியூட்டால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது, மழைநாளில் உப்பு நசநசப்பதுபோல. அந்த ஈரத்தில், வயிற்றுக்குப் போகும் முன்பே, மாத்திரைக்குள்ளேயே ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் தங்கள் பழைய கணக்கைத் தீர்க்கத் தொடங்கிவிடும். மாத்திரையைச் சுற்றியிருக்கும் ஃபாயில் வெறும் அட்டை இல்லை. அதுவும் மருந்தின் ஒரு பகுதி.

பெரியம்மா நல்லெண்ணத்தில் செய்த காரியம் அப்போது நினைவுக்கு வந்தது. கிளினிக்கில் சனி, ஞாயிறு, பொது விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகளை ஃபாயிலிலிருந்து பிதுக்கி எடுத்து, கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அடுப்படியில் ரைஸ் குக்கருக்கு மேல்தட்டில் வைத்திருந்தார். ஆவி நேராக அங்கேதான் போகும். பிரஷர் மாத்திரைக்கு அந்த டப்பா நல்ல ஏற்பாடு, இதற்கு ஆகாது. டப்பாவுக்குப் பதிலாக அட்டையில் பேனாவால் கிழமை எழுதிக் கொடுத்தேன். "முன்னாடியே சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேனா?" என்றார் பெரியம்மா. நியாயம்தான். செய்யாதே என்று சொல்கிறவர்கள் ஏன் என்று சொல்வதில்லை.

ஃபார்மசியில் நின்ற அந்த மனிதரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. வேதிவினையே இல்லாமலும் இரண்டு ஆன்டிபயாடிக் மோதும். 1948இல் ஆரியோமைசின் சந்தைக்கு வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்தபோது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்த கோபத்தில் பேராசிரியர் ஒருவர் முழுப் பட்டம் கிடைக்காமல் செய்ய, குறைந்த தகுதிச் சான்றிதழோடு கப்பலேறியவர். ஆரியோமைசின் வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். (இவரைப் பற்றி ஒரு முழு நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.)

பெனிசிலினும் நல்ல மருந்து, ஆரியோமைசினும் நல்ல மருந்து, சேர்த்தால் இன்னும் நல்லது என்றுதான் அன்றைய டாக்டர்களும் நினைத்தார்கள். 1951இல் அமெரிக்காவில் லெப்பர், டௌலிங் இருவரும் வெளியிட்ட கணக்கு அதைக் கலைத்தது. நிமோகாக்கஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் பெனிசிலின் மட்டும் பெற்றவர்களில் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிலோ 79 விழுக்காட்டினர் இறந்தார்கள். பெனிசிலின் கொல்வது வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியை. ஆரியோமைசின் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும். சுவர் கட்டாத கிருமிக்குச் சுவரை உடைக்கும் மருந்து என்ன செய்யும்? இன்று டாக்டர்கள் சில நோய்களுக்கு இரண்டு ஆன்டிபயாடிக் எழுதுவது, எது எதோடு சேரும் என்ற கணக்குத் தெரிந்து எழுதுவது. இரண்டு கிளினிக் பாக்கெட்டை நாமே சேர்ப்பதில் அந்தக் கணக்கு இல்லை.

ஆரியோமைசின் இன்னொரு பாடத்தையும் கற்றுக் கொடுத்தது. அது வயிற்றைப் புரட்டியதால் கூடவே அலுமினியம் கலந்த வயிற்று மருந்தைக் கொடுத்தார்கள். வயிறு அமைதியானது, இரத்தத்தில் ஆன்டிபயாடிக்கும் காணாமல் போனது. 1950இல் இதைக் கண்டு எழுதினார்கள். டெட்ராசைக்ளின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு உலோகம் ஆகாது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், எது கிடைத்தாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு குடலைத் தாண்டாமல் போய்விடும். கெட்டிப்பாலில் மிதக்கும் தே தாரிக்கோடு அந்த மாத்திரையை விழுங்குவது பாதியைக் கழிப்பறைக்கு அனுப்புவதற்குச் சமம். கர்ப்பகாலத்தில் தொடங்கிய இரும்பு மாத்திரையைப் பிள்ளை பிறந்த பிறகும் தொடரும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி விடவேண்டும். எவ்வளவு என்று ஃபார்மசியில் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குக் காசு வாங்குவதில்லை.

ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கழிக்க வைக்கும். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் வலு குறையும். காசநோய் சிகிச்சையில் இருக்கும் இளம்பெண்களிடம் இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பற்றி மட்டும் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அது பயப்பட வேண்டாத விஷயம்.

பெரியப்பா இப்போது நான்காவது மாதத்தில் இருக்கிறார். எடை கூடியிருக்கிறது, இருமல் இல்லை, முதலாளி கடைக்கு வரச் சொல்லிவிட்டார். வேலைநாள்களில் காலையில் முதலில் சுகாதார கிளினிக்குக்குப் போய், மிஸ்ஸியின் கண்முன்னே மாத்திரையை விழுங்கிவிட்டு, அதன் பிறகுதான் ரயில் ஏறுகிறார். மலாய்க்கார மிஸ்ஸி அவருக்காக ஒரு வாக்கியம் தமிழில் கற்று வைத்திருக்கிறார்: "சாப்பிட்டாச்சா?" நம் ஊரில் யார் கேட்டாலும் "ஆச்சு" என்றுதான் பதில் வரும், பசித்தாலும். முதல் சில நாள் பெரியப்பாவும் பழக்க தோஷத்தில் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லி, மிஸ்ஸியின் முகம் மாறுவதைப் பார்த்துப் பதறியிருக்கிறார். இப்போது வாசலில் நுழையும்போதே அவராக முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்: "இன்னும் இல்ல மிஸ்ஸி."